மூன்று மணி நிழல்

எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிற பெரியவர் இந்தக் கோடையில் தன் பல்கனிப் பந்தலை இறக்காமல் விட்டது என் கடிதத்தாலா, இல்லையா? இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. ஒரு நாள் ஓம் என்று தோன்றும், அடுத்த நாள் அப்படி இருக்காது என்று தோன்றும். ஓம் என்று தோன்றுகிற நாட்களில் பல்கனிக் கதவைத் திறக்கவே மனம் வருவதில்லை.

பந்தல் என்று நான் சொல்வது வீட்டுச் சுவரோடு சுருட்டி வைத்திருக்கும் கோடு போட்ட தடித்த சீலையை. கைபிடியைச் சுழற்றினால் பல்கனிக்கு வெளியே நீண்டு நிழல் தரும். இங்கே அதை ஸ்டோரன் என்பார்கள். அவருடையது மஞ்சளும் வெள்ளையும்.

கதை பொங்கலன்று தொடங்கியது. நாங்கள் இருக்கிற சுவிஸ் டீட்டிகோனில் அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். சூரியனுக்குப் படைக்க வேண்டிய பொங்கலை அடுப்படியிலேயே பொங்கி, சாம்பல் நிறமாக இருந்த யன்னலைப் பார்த்துப் படைத்தோம். படைத்து முடிய என் கணவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கதவளவு கறுப்புப் பலகை. பல்கனிக் கம்பியில் பூட்டி, சாதாரணச் சுவர்ச் செருகியில் செருகினால் வெயிலில் இருந்து கரண்ட் வருமாம். வாங்க ஓடர் கொடுத்துவிட்டார், கட்டட நிர்வாகத்திடம் அனுமதியும் கேட்டுவிட்டார். இப்போதுதான் என்னிடம் கேட்கிறார்.

“வெளியால ஒருக்கா எட்டிப் பாருங்கோ. எங்க வெயில்?” என்று கேட்டேன்.

“அது மேல கிடக்கு. நாங்கள்தான் கீழ இருக்கிறம்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நான் இங்கே வந்த முதல் வருடம் ஒருமுறை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலைரயிலில் ஏறி அரை மணி நேரத்தில் மூட்டத்துக்கு மேலே வந்துவிட்டோம். கண் கூசுகிற வெயில். கீழே நாங்கள் இருக்கிற பள்ளத்தாக்கு பஞ்சு போட்டு மூடியது போலக் கிடந்தது. ஆனால் பலகையை மலையில் பூட்டப் போவதில்லையே. பஞ்சுக்குக் கீழேதானே பூட்டப் போகிறோம்.

என்னை யாரும் எதையும் இலகுவாக நம்பவைக்க முடியாது. ஊரில் உயர்தரத்தில் கணிதம் படித்தேன். இங்கே வந்து மொழி படித்து, இப்போது ஒரு ஆய்வுகூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. அங்கே எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்போம், எழுதி வைப்போம். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவளுக்கு எப்போது காய்ச்சல், எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு நித்திரை, எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கிறது. அவளுக்கு இப்போது மூன்று வயதாகப் போகிறது. கொப்பி இன்னும் முடியவில்லை.

பலகையைப் பூட்ட வந்தவர் அட்லிஸ்வில் கோயிலில் கணவருக்குப் பழக்கமான ஒரு அண்ணை. கூரைகளில் சோலார் பூட்டுகிற வேலை அவருக்கு. எங்களுக்குச் சும்மா உதவிக்கு வந்தார். சும்மா வருகிறவரையும் எனக்குச் சந்தேகம். இந்தப் பலகை விற்றால் இவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினேன்.

“அண்ணை, குளிர் நாட்டில இது வேலை செய்யுமோ?”

“தங்கச்சி, உதுக்கு வெக்கை தேவையில்லை. வெளிச்சம்தான் வேணும். குளிர் உதுக்கு நல்லம். சூடு கூடினாத்தான் சோம்பல்படும்.”

“பனிமூட்டத்துக்கை?”

“பனிமூட்டத்துக்கை தங்கச்சியும் வேலைக்குப் போறாதானே. உதுவும் கொஞ்சம் உழைக்கும்.”

கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிள்ளை செருகியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கழற்றின உடனேயே கரண்ட் நின்றுவிடும் என்று கழற்றிக் காட்டினார். திரும்பவும் காட்டச் சொன்னேன், காட்டினார். மாரியில் சூரியன் தாழ்வாக வருவதால் பலகை நிமிர்ந்து நிற்பதுதான் இந்த நாட்டுக்கு நல்லது, பனியும் அதன்மேல் தங்காது என்றார். விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் மேல்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். கைகளை மடித்துக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், நெடுநேரம். நிர்வாகம் தந்த அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அயலவர் யாருக்கும் இடைஞ்சல் என்றால் பலகையைக் கழற்ற வேண்டும். அந்த வரியை நான் மறக்கவில்லை. இவர் கண் கூசுகிறது என்று எழுதப் போகிறார் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

“அவர் ஏன் அப்பிடிப் பாக்கிறார்?” என்று பிறகு கணவரைக் கேட்டேன்.

“மேல இருக்கிறவர் கீழதானே பாக்கலாம்” என்றார்.

பலகை எத்தனை வாட் தருகிறது என்று கைத்தொலைபேசிச் செயலி காட்டும் இலக்கம் முதல் இரண்டு கிழமையும் இருபதைத் தாண்டவில்லை. ஒரு பல்பு எரிக்கக் காணும். இலக்கத்தைக் கணவரிடம் காட்டினேன். பிறகு பெப்ரவரியில் ஒரு நாள் பனி கொட்டி முடிந்து வானம் வெளித்தது. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். புல்வெளி முழுக்க வெள்ளை, அதிலிருந்து வெளிச்சம் திரும்பி அடித்தது. பத்தரை மணிக்கு இலக்கம் முந்நூறைத் தாண்டியது. செயலி பிழையோ என்று மூடித் திறந்தேன். தண்ணீர்க் கேத்தலைப் போட்டுப் பார்த்தேன், பிறகு சலவை உடுப்புக்கு அயன் போட்டுப் பார்த்தேன். உண்மையாகத்தான் இருந்தது. அன்று அந்த அண்ணையை மனதுக்குள் மன்னித்தேன்.

அதற்குப் பிறகு நான்தான் வீட்டில் கூடப் பைத்தியமானேன். சோறு மத்தியானம்தான் போடுவது, வெயில் வந்தால்தான் உழுந்து அரைப்பது. ஷாஃப்ஹவுசனுக்கு ரயிலில் போகும்போது எந்தெந்தக் கூரையில் பலகை இருக்கிறது, எந்தக் கூரை தெற்கே பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனேன். இவ்வளவு பெரிய மாட்டுத் தொழுவக் கூரைகளைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கணவர் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மே மாதம் நடுப்பகுதியில் அது தொடங்கியது. நல்ல வெயில் நாளில், பின்னேரம் மூன்று மணிக்கு இலக்கம் விழுந்தது. இருநூறுக்குக் கிட்ட நின்றது, ஐம்பதுக்குப் போனது. நாலரைக்குப் பிறகு கொஞ்சம் எழும்பியது. அடுத்த நாளும் அப்படியே. நான் பல்கனிக்கு ஓடினேன். மேலே கிறீச் கிறீச் என்று கைபிடி சுழலும் சத்தம். மஞ்சள் வெள்ளைச் சீலை வெளியே நீண்டுகொண்டிருந்தது. அதன் நிழல் எங்கள் பல்கனி நிலத்தில் கிடந்தது.

அந்த அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். நிழல் ஏதும் விழுதோ என்றுதான் முதல் கேட்டார். ஒரு கையகல நிழல் விழுந்தாலும் முழுப் பலகையும் படுத்துவிடும் என்றார். ஓம் அண்ணை, மேல்வீட்டு ஸ்டோரன் என்றேன். அப்படியெண்டால் போய்க் கதையுங்கோ என்றார். கணவரும் அதையேதான் சொன்னார்.

“நேர போய்க் கேளுமன். நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன் எண்டு எப்பிடித் தெரியும்?”

“கெட்ட மனுசன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

ஒவ்வொரு நாளும் சரியாக மூன்று மணிக்கு ஒருவர் இறக்குவாரா? மூன்று மணிக்கு எங்கள் பலகையில் நல்ல வெயில் என்று பார்த்து வைத்துத்தான் செய்கிறாரோ? அன்று எட்டிப் பார்த்ததும் இதற்குத்தானோ? அவருடைய சுவிஸ் ஜெர்மன் எனக்கு அரைவாசிதான் விளங்கும். நேரே போய் நின்று, அவர் ஒன்று சொல்ல நான் வேறொன்று சொல்லி, கடைசியில் அவர் முந்திக்கொண்டு நிர்வாகத்துக்கு எழுதிவிட்டால்? இந்த நாட்டில் சண்டையைக்கூட எழுத்தில்தான் பிடிப்பார்கள். சலவை அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அயலவர் முறைப்பாட்டுத் துண்டுகளை வாசித்தே நான் பாதி ஜெர்மன் படித்தேன். எழுதினால் மரியாதையாகவும் இருக்கும், பிழையும் திருத்தலாம்.

கொப்பியை எடுத்தேன். பன்னிரண்டு நாள் குறித்தேன். ஒரு பக்கம் ஸ்டோரன் இறங்கிய நேரம், மறுபக்கம் இலக்கம் விழுந்த நேரம். வரவர இலக்கம் இன்னும் கூடுதலாக விழுந்துகொண்டு வந்தது. அவர் சீலையை முன்பைவிட நீட்டி இறக்குகிறார் என்று எழுதினேன்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு நாள் அவர் வீட்டில் இல்லை. பந்தல் இறங்கவில்லை. ஆனாலும் இலக்கம் விழுந்தது. அந்த இரண்டு நாளையும் முகில் என்று எழுதி வெட்டிவிட்டேன். அப்போது முகிலாகத்தான் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேனா, இல்லை நினைக்க விரும்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை பிழையாக வந்தால் அந்தப் பிழையையும் எழுதத்தான் வேண்டும். அதை வெட்டுகிறவளை அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பத்து நாள் அட்டவணையை அழகாகக் கணினியில் அடித்து, மிகப் பணிவான ஒரு கடிதத்தோடு நிர்வாகத்துக்கு அனுப்பினேன். யாரையும் குறை சொல்லவில்லை, ஒரு தீர்வு காண முடியுமா என்றுதான் கேட்டேன். கீழே எங்கள் இருவர் பெயரையும் போட்டேன். கணவர் காலை வேலைக்காரர், நாலு மணிக்கு எழும்பிப் போகிறவர். இதை வேறு அவர் தலையில் ஏற்றுவான் ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கிறீச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கிழமை முழுக்கப் பந்தல் சுருட்டியபடியே இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் மூன்று மணிக்கு இலக்கம் அதேபோல விழுந்தது.

இப்போது யாரைச் சந்தேகப்படுவது? பலகையையா? பூட்டின அண்ணையையா? பழைய பலகையை எங்கள் தலையில் கட்டிவிட்டாரோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். செருகியைக் கழற்றிப் பூட்டினேன். கண்ணாடியைத் துடைத்தேன். பூந்தூள் படிந்திருக்கும் என்று இரண்டாம் முறையும் துடைத்தேன்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, சொதிக்குத் தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் பல்கனிக்குப் போனேன். மூன்றரை மணி. ஒரு கையில் கைத்தொலைபேசி, இலக்கம் அறுபது. மற்றக் கையால் ஒரு கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு நல்ல காம்பு தேடினேன். இலக்கம் நூற்றி அறுபது. காம்பை ஒடித்துவிட்டுக் கொப்பை விட்டேன். அறுபது.

திரும்ப வளைத்தேன். நூற்றி அறுபது.

பிள்ளை காலடியில் நின்று, “அம்மா, திருப்பி” என்றாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. நான் விட்டேன், வளைத்தேன், விட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்தச் செடி என் சீவன். மூன்று வருடத்துக்கு முன்பு தமிழ்க்கடையில் ஒரு விரல் உயரத்தில் வாங்கியது. ஒவ்வொரு மாரியும் ஹீற்றருக்குப் பக்கத்தில் இலை முழுக்கக் கொட்டி, குச்சியாக நிற்கும். இந்த மாரி பூச்சியும் பிடித்தது. சவர்க்காரத் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். மே நடுப்பகுதி தாண்டும்வரை செடிகளை வெளியே வைக்கக் கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முன் உறைபனி வரும். அந்த நாள் வரைக்கும் பொறுத்திருந்து வெளியே எடுத்தேன். எங்கே வெயில் நல்லாக விழும் என்று யோசிக்கவும் தேவை இருக்கவில்லை. பலகை இருக்கிற இடம்தானே. முந்தி இருந்தவர்கள் பூச்சாடி கொளுவிய வளையம் ஒன்று கம்பிக்கு வெளியே, பலகையின் மேற்குப் பக்கத்தில் இருந்தது. அதில் கொளுவினேன். அந்த வெயிலில் அது விறுவிறென்று வளர்ந்தது. ஜூனில் புதுக் கொப்புகள். சூரியன் மேற்கே சாயச் சாய அதன் நிழல் பலகையில் ஏறியது. அது தழைக்கத் தழைக்க இலக்கம் விழுந்தது. நான் அதைக் கொப்பியில் பெரியவரின் பெயரில் எழுதினேன்.

அவருடைய பந்தலும் வெயில் சுட்டபடியால்தான் அதே கிழமையில் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். சீலையின் நிழல் எங்கள் நிலத்தில் கிடந்ததைப் பார்த்தேன் என்றேனே, அது கம்பிக்கு ஒரு அடி உள்ளேயே நின்றுவிட்டது. பலகையை அது தொடவேயில்லை. கணிதம் படித்தவள் ஒரு கோடு கீறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அட்டவணைதான் கீறினேன்.

செடியை அன்றே பல்கனிக்குள் நிலத்தில் இறக்கி வைத்தேன். அடுத்த நாள் மூன்று மணிக்கு இலக்கம் விழவில்லை. கணவர் கேட்டார், சரிவந்துவிட்டதே, என்ன செய்தீர் என்று. கறிவேப்பிலையை நகர்த்தினேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். “நல்ல காலம், பாவம் அந்த மனுசனிட்டைப் போய்ச் சண்டை பிடிக்கேல்லை” என்றார்.

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

அந்தக் கிழமை சரியான வெக்கை. எங்கள் வீட்டிலேயே இருக்க முடியவில்லை, மேல்வீட்டில் எப்படி இருந்திருக்கும். முன்பெல்லாம் பின்னேரங்களில் அவர் பல்கனியில் இருந்து வானொலி கேட்பார், அதன் சத்தம் எங்களுக்கும் இறங்கும். இப்போது அது இல்லை. பிள்ளையோடு கீழே புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கதிரை வெறுமையாக வெயிலில் கிடந்தது. கண்ணாடிக் கதவின் உட்பக்கத் திரை முழுக்க இறக்கியிருந்தது. நல்ல கோடை நாளில் அவர் இருட்டுக்குள் இருக்கிறார்.

ஸ்டோரன் பழுதாகவும் இருக்கலாமே என்று நினைத்தேன். அப்படியிருந்தால் எவ்வளவு நல்லது. கட்டடப் பராமரிப்பாளரைக் கண்டபோது, இந்தக் கட்டடத்தில் ஸ்டோரன்கள் அடிக்கடி பழுதாகுமா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். உங்களுடையது பழுதா என்று கேட்டு, அடுத்த நாளே ஏணியோடு வந்து எங்களுடையதை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். மேல்வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து லிப்டில் பெரியவரைச் சந்தித்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பிள்ளை வணக்கம் சொன்னாள். அவர் குனிந்து அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று பள்ளிக்கூட ஜெர்மனில் கேட்டார்.

“உங்கள் பலகை நன்றாக வேலை செய்கிறதா?”

செய்கிறது என்றேன்.

“நல்லது” என்றார். “அதுதானே முக்கியம்.”

கண்ணாடி போட்டிருந்ததால் கண் தெரியவில்லை. வாய் சிரித்தது. அது எங்கள் மகிழ்ச்சிக்குச் சிரித்த சிரிப்பா, என்னைச் சுட்ட சிரிப்பா? அந்தக் கறுப்புக் கண்ணாடி ஏன்? கண்ணில் ஏதும் வருத்தமா, வெளிச்சம் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாரா, அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குப் பந்தலை இறக்கினாரா? இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. நான் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று அவர் என்ன நினைத்திருப்பார்?

இப்போது ஓகஸ்ட் முடியப் போகிறது. பந்தல் இன்னும் சுருட்டியபடியே இருக்கிறது. பலகை நன்றாக உழைக்கிறது. ஒவ்வொரு முறையும் இலக்கத்தைப் பார்க்கும்போது மேலே அந்த இருட்டு வீடு ஞாபகம் வருகிறது. செடி நிலத்தில் வெயில் காணாமல் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

நிர்வாகம் என் கடிதத்தை அவரிடம் காட்டியிருந்தால், அவர் எங்களுக்காக ஒரு கோடை முழுவதையும் விட்டுக் கொடுத்திருக்கிறார், அதுவும் நான் வெட்டிச் சரிப்படுத்திய ஒரு அட்டவணையை நம்பி. அப்படியானால் நான் பேசாமல் இருப்பது பெரிய பிழை. காட்டாமல் விட்டிருந்தால், நான் போய் மன்னிப்புக் கேட்கும்போதுதான் அவருக்கு முதன்முதலாகத் தெரியவரும், கீழ்வீட்டுக்காரி தன்னை நாள் நாளாகக் கொப்பியில் குறித்து மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாள் என்று. நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதலாம், என் பிழை என்று. ஆனால் எழுத்தில் போனதால்தானே இவ்வளவும் வந்தது. அதோடு அனுமதிக் கடிதத்தின் அந்த ஒரு வரியும் இருக்கிறது. யாருக்கு இடைஞ்சல் என்று அவர்கள் இந்த முறை சரியாகவே கண்டுபிடித்துவிட்டால்? எதைச் செய்தாலும் முதலில் கணவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய பெயரும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

வாசிக்கிறவர்களில் இப்படிக் கட்டடங்களில் நெடுங்காலம் இருந்து பழகியவர்கள் இருப்பீர்கள். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அறியாமல் ஒருவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொல்வதா? இல்லை கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உங்கள் பந்தல் எங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, தயவுசெய்து இறக்குங்கள் என்று மட்டும் சொன்னால் போதுமா? அது போதும் என்று எனக்குச் சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லுங்கள். செப்டெம்பரிலும் இங்கே சில நாள் நல்ல வெயில் அடிக்கும், அதற்கு முன் எனக்கு ஒரு முடிவு வேண்டும்.